பல்லாங்குழி, தாயம், 304: கை ராசியா, கற்றுத் தேறும் வித்தையா?

ஜூன் 21

கேள்வி இது: "ஊட்டிக்கு வந்தபோது மரப் பல்லாங்குழி ஒன்று வாங்கினோம். பத்து நாளாக வீட்டில் ஆடுகிறோம். யார் ஜெயிப்பார்கள் என்பது கை ராசியாகவே தெரிகிறது. தாயமும் அப்படித்தான். இந்த ஆட்டங்களில் கற்றுத் தேற என்ன இருக்கிறது?"

தாயத்தில் ராசி உண்டு. பல்லாங்குழியில் துளியும் கிடையாது. அதில் உருட்டுவது இல்லை, கலைத்துப் போடுவது இல்லை, மறைத்து வைப்பதும் இல்லை. 14 குழியும் இரண்டு பேர் கண்முன்னே திறந்து கிடக்கின்றன. தோற்றால் எண்ணாமல் தோற்றோம் என்று பொருள்.

நான் இருப்பது நீலகிரியில் பந்தலூர் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்த முதல் ஜூனில் பிடித்த மழை நாற்பது நாள் விடவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் யானைப் பயத்தில் யாரும் வெளியே நடமாட மாட்டார்கள். கரண்டும் இருக்காது. அத்தை பல்லாங்குழியை எடுத்து வைப்பார். அந்த நாற்பது நாளும் நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நாற்பது நாள் ஒருவருக்கே ராசி அடிக்குமா?

ஜூன் 21, இரவு

எங்கள் வீட்டு விதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இது முக்கியம்.

ஆளுக்கு 7 குழி, குழிக்கு 6 முத்து, மொத்தம் 84. நம் பக்கக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு ஆட்டம் எதிராளிக்கு. இரண்டு குழி தொடர்ந்து காலியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. போட்டுக்கொண்டு வரும்போது ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது பசு. யார் பக்கக் குழியோ அவர் எடுத்துக்கொள்வார்.

சில வீடுகளில் குழிக்கு 5 முத்து. சிலர் துடைத்து எடுக்கும்போது எதிர்க்குழியில் இருப்பதையும் சேர்த்து எடுப்பார்கள். எந்த விதியில் ஆடுகிறீர்கள் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அதில் தீரும்.

ஜூன் 23

"முதல் ஆட்டத்தில் எந்தக் குழியை எடுப்பது நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதை எடுத்தாலும் ஒன்றுதான். எல்லாக் குழியிலும் 6 இருக்கும்போது எங்கே தொடங்கினாலும் சுற்று ஒரே மாதிரி போகும். முதல் கையில் 6, அடுத்த கையில் 6. அதற்கு அடுத்த குழி நாம் தொடங்கிய காலிக் குழி. துடைத்தால் 7 முத்து. எப்போதும் 7.

ஜூன் 24

நேற்று எழுதியது பாதிதான் சரி. அத்தையிடம் சொன்னேன். "ஏழு வரும், சரி. யாரோட ஏழு?" என்று கேட்டார்.

ராத்திரி பலகையை எடுத்து வைத்து ஒவ்வொரு குழியாகப் போட்டுப் பார்த்தேன். நம் முதல் 6 குழியில் எதை எடுத்தாலும், கடைசியில் துடைத்து எடுக்கும் 7 முத்து நம் பக்கத்து முத்துதான். நம்மிடம் 35 மிஞ்சும், எதிராளியிடம் 42. வலக்கோடியில் இருக்கும் 7-ஆம் குழியை எடுத்தால் மட்டும் துடைப்பது நம் குழியில், எடுப்பது எதிராளியின் முதல் குழியில். நம்மிடம் 42, அவரிடம் 35. அவர் பக்கம் இரண்டு குழி காலி, நம் பக்கம் ஒன்றுதான்.

இத்தனை வருஷமாக அத்தை 7-ஆம் குழியில்தான் தொடங்குகிறார். பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 25

முத்துக்கு மஞ்சாடி நல்லது. புளியங்கொட்டையும் ஆகும். கடையில் வாங்கியதில் குழி ஆழமில்லாமல் இருந்தால் 9, 10 முத்து சேரும்போது வழிந்து பக்கத்துக் குழியில் விழும், கணக்கு போய்விடும். நானும் ஒருமுறை அப்படி ஒன்று வாங்கி ஏமாந்தேன். அதற்குத் தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டு ஆடுவது மேல்.

ஜூன் 29

ஆடு புலி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. அவருக்கு ஆட்டுப் பக்கம் வந்தால் தோல்விதானாம்.

என் மகனுக்கும் அப்படித்தான் இருந்தது. புலி பக்கம்தான் வேண்டும் என்று அழுவான். தாண்டி வெட்டுவதில் ஒரு குஷி. ஆட்டுக்குக் குஷி கிடையாது, பொறுமைதான் உண்டு. 15 ஆட்டையும் இறக்கி முடியும்வரை ஒன்றையும் நகர்த்தக்கூட முடியாது.

ஆடு வைப்பவருக்கு நான் சொல்வது: ஓரத்தில் தொடங்குங்கள். ஓரத்து ஆட்டைப் புலி தாண்ட வழி குறைவு.

ஜூன் 30

ஓரம் என்று பொதுவாகச் சொன்னது தவறு. இன்று மகன் கரித்துண்டால் கட்டம் போட்டு எனக்குக் காட்டினான். ஓரத்து ஆடு இரண்டை ஐந்து நிமிஷத்தில் வெட்டினான்.

சரி, புள்ளி புள்ளியாகப் பார்ப்போம். உச்சி 1. உச்சியிலிருந்து நான்கு கோடுகள் கீழே இறங்குகின்றன. குறுக்கே மூன்று வரிசை, வரிசைக்கு 6 புள்ளி. அடியில் 4 புள்ளி. ஆக 23. புலி ஒரு ஆட்டைத் தாண்ட வேண்டுமென்றால் கோடு அந்த ஆட்டைக் கடந்து அப்பால் போக வேண்டும். கோடு முடியும் இடத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டவே முடியாது. எல்லாக் கோடுகளும் முடிகிற புள்ளிகள் எத்தனை? மூன்று வரிசையும் சேர்ந்த செவ்வகத்தின் 4 மூலை, அடிக்கோட்டின் 2 முனை, உச்சி. மொத்தம் 7. இந்த ஏழில் வைத்த ஆடு ஆட்டம் முடியும்வரை சாகாது.

நடு வரிசையின் இரண்டு கோடியும் பார்வைக்கு ஓரம்தான். ஆனால் மேலிருந்து கீழே கோடு போகிறதே, அதன் வழியாகப் புலி தாண்டும். மகன் வெட்டியது அங்கேதான்.

மூலை ஆட்டுக்குப் பக்கத்தில் அடுத்த ஆட்டை வையுங்கள். அந்தக் கோட்டில் அதற்குப் பின்னால் இடம் இல்லாததால் அதுவும் பிழைக்கும். ஆட்டுக்குப் பின்னால் ஆடு, அதற்குப் பின்னால் சுவர். இப்படித்தான் வேலி வளர்கிறது.

ஜூலை 4

மேலே எழுதியதை நம்பி மூன்று நாள் ஆடினேன். ஆடு சாகவில்லை, ஆனால் புலியும் மாட்டவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

உச்சியில் இருக்கும் புலியை எங்கும் நகர முடியாதபடி கட்ட எத்தனை ஆடு வேண்டும்? நான்கு பக்கத்துப் புள்ளி, அவற்றைத் தாண்டி நான்கு. ஆக 8. கட்டத்தின் நட்டநடுவில் இருந்தாலும் 8. மூலையில் நிற்கும் புலிக்கு 4 ஆடு போதும். நானோ எல்லா மூலைகளையும் ஆட்டால் அடைத்துவிட்டேன். புலி போய் மாட்டிக்கொள்ள இடமே வைக்கவில்லை. 15 ஆட்டை வைத்துக்கொண்டு நடுவில் திரியும் 3 புலியைக் கட்டுவது மிகக் கடினம்.

ஆகவே உச்சி போக மற்ற ஆறு மூலைகளில் நான்கில் ஆட்டை வைத்துவிட்டு, இரண்டைத் திறந்து விடுங்கள். அந்த வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டை வெட்டக் கொடுக்க வேண்டிவந்தாலும் கொடுங்கள். புலிக்குப் பக்கத்தில் இன்னொரு புலி நின்றால் அந்தத் திசைக்கு ஆடே வேண்டாம், ஏனென்றால் புலி புலியைத் தாண்டாது. இரண்டு புலி ஒட்டி நின்றால் ஆட்டுக்காரருக்கு நல்ல நேரம்.

ஆட்டைக் கொடுக்க மனம் வராமல் எத்தனை ஆட்டம் இழுத்தடித்திருக்கிறேன்!

ஜூலை 5

கோயில்களில் ஆடு புலிக் கட்டத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம், பழைய கோயில்களின் கல்தளங்களில் இந்தக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்தும் ஆடியிருக்கிறேன்.

ஜூலை 11

மழை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. தாயம்தான் ஆடினோம்.

தாயத்தில் ராசி உண்டு என்றேன். எவ்வளவு என்று பார்ப்போம். பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3. சேர்க்கை மொத்தம் 16. அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது 2, இரண்டு விழுவது 3, மூன்று விழுவது 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, இரண்டும் வெறுமையானால் வரும் பன்னிரண்டு 1. தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. 5 முறை உருட்டியும் தாயம் விழாமல் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. ஆகவே "எனக்கு மட்டும் விழமாட்டேங்குது" என்று யாரும் மனம் உடைய வேண்டாம். எல்லோருக்கும் அப்படித்தான்.

ஆனால் காய் இறங்கிய பிறகு கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எதிராளியின் காய்க்கு 3 கட்டம் முன்னால் நிற்காதீர்கள். வெட்டுப்படும் வாய்ப்பு பதினாறில் நான்கு. 6 கட்டம் முன்னால் நின்றால் பதினாறில் ஒன்று. இரண்டு காயில் எதை நகர்த்துவது என்று தயங்கும்போது இந்த எண்ணிக்கை போதும்.

குறுக்குக்கோடு போட்ட கட்டத்தை நாங்கள் மலை என்போம். மலையில் ஏறிவிட்டால் வெட்ட முடியாது. மகன் மலை ஏறியதும் இறங்கவே மாட்டான். அதுவும் தப்புதான். ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குப் போக முடியும். மலையிலேயே உட்கார்ந்திருந்தால் காய் எப்போது பழுக்கும்?

ஜூலை 12

6 கட்டத்துக்குப் பதினாறில் ஒன்று என்றது நேராக ஆறு விழுவதை மட்டும் வைத்து. தாயத்துக்கும் ஐந்துக்கும் மறு ஆட்டம் உண்டே. தாயம் விழுந்து பின் ஐந்து, அல்லது ஐந்து விழுந்து பின் தாயம் வந்தாலும் வெட்டு. அதையும் சேர்த்தால் பதினாறில் ஒன்றரை. அப்போதும் 3 கட்டத்தில் நிற்பதைவிட மேல். கணக்குக் காட்டித் திருத்திய நண்பருக்கு நன்றி.

ஜூலை 15

"சோழி போட்டு ஆடினாலும் இதே கணக்குதானா?" இல்லை, நிறைய மாறும். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

6 சோழி, ஒவ்வொன்றும் நிமிர்ந்தோ கவிழ்ந்தோ விழ சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 64 வகை. ஒன்று நிமிர்ந்தால் தாயம்: 64-இல் 6. கட்டையில் இது 64-க்கு 8. எல்லாம் கவிழ்ந்தால் பன்னிரண்டு: 64-இல் 1. கட்டையில் 4. மறு ஆட்டம் கிடைக்கும் 1, 5, 6, 12 நான்கையும் கூட்டினால் சோழியில் 64-க்கு 14, கட்டையில் 24. கட்டை ஆட்டம் வேகமாக ஓடுவதும் சோழி ஆட்டம் இழுப்பதும் இதனால்தான். பன்னிரண்டை நம்பிக் காயைப் பின்னால் நிறுத்துவது சோழியில் சரிப்படாது. உண்மையில் சோழியின் முதுகுக் கனத்தைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் மாறும். நம் வீட்டுச் சோழியை நாமே நூறு தரம் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜூலை 20

சீட்டைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன். காசு வைத்து ஆடுவதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அது இல்லை.

எங்கள் மாமா பிறந்தது சிலோன் தோட்டத்தில். 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் ஆனதே, அதன்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இந்த மலைக்கு டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்த குடும்பம். கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் பாத்திரமும் துணியும் ஒரு சீட்டுக்கட்டும் இருந்ததாகச் சொல்வார். அந்தக் கட்டில் ஆடியது 304. இன்றும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயனில் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் உட்கார்ந்தால் அதுதான்.

32 சீட்டு, ஆளுக்கு 8. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு ஜாதிக்கு, அதாவது ஒரே சின்னம் போட்ட சீட்டுகளுக்கு, 76, நான்குக்கும் 304. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளி. ஏலத்தில் அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அந்த ஜாதிதான் துரும்பு. மாமா துரும்பு என்பார், எங்கள் ஊரில் துருப்பு என்போம்.

அவரிடம் உட்கார்ந்து முதல் நாள் நான் கேட்டது: எல்லாச் சீட்டையும் எப்படி ஞாபகம் வைப்பது? "எதுக்கு எல்லாத்தையும்? எட்டு வச்சா போதும்" என்றார். நாலு ஜாக்கி, நாலு ஒன்பது. கூட்டிப் பாருங்கள்: 120-உம் 80-உம் 200. மொத்தம் 304-இல் 200 இந்த எட்டுச் சீட்டில் இருக்கிறது. இவற்றில் எது விழுந்தது, எது விழவில்லை என்று மட்டும் முதல் மாதம் பாருங்கள். இரண்டாம் மாதம் துரும்பில் எத்தனை விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துரும்பும் எட்டுதான்.

ஏலத்தில் 160 கேட்பது பெரிய கேள்வி போலத் தோன்றும். 304-இல் பாதி 152. பாதிக்கு மேல் கொஞ்சம்தான். கையில் ஒரே ஜாதி ஜாக்கியும் ஒன்பதும் இருந்தால் அந்த ஜாதியின் 76-இல் 50 உங்களிடம். பயப்படாமல் கேட்கலாம், கூட்டாளி மேல் கொஞ்சம் நம்பிக்கையும் வேண்டும்.

ஜூலை 21

கேரளா எல்லை பக்கத்தில் என்பதால் பக்கத்து வீட்டுச் சேட்டன் ஆடுவது 28. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸ் 1, பத்து 1. ஜாதிக்கு 7, மொத்தம் 28. ஏலம் 14-இல் தொடங்கும். 304-இன் மதிப்பைப் பத்தால் வகுத்து, ராஜா ராணியின் சில்லறையை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட இதுவே வரும். ஒன்றைக் கற்றால் மற்றதற்குப் பாதி வழி கடந்தாயிற்று.

முக்கால் பங்கு என்று எழுத வந்தேன். போன ஞாயிறு நடந்ததை நினைத்துப் பாதி என்று மாற்றினேன். சேட்டனை எங்கள் 304-க்கு உட்கார வைத்தோம். கேட்ட ஜாதி கையில் இல்லாதபோதெல்லாம் துரும்பைத் திறந்து காட்டச் சொன்னார். 28-இல் அது வழக்கம். 304-இல் நாம் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். துரும்பு வைத்தவர் அதை ரகசியமாகப் பார்த்து, துரும்பாக இருந்தால்தான் வெளியே தெரியும். அந்த ஒரு வித்தியாசத்தில் இரண்டு ஆட்டத்தின் குணமே மாறுகிறது. நல்ல ஆட்டக்காரர்தான், பாவம், ஆறு ஆட்டம் தொடர்ந்து தோற்றார். ஏழாவதில் கவிழ்த்துப் போட்டே மாமாவின் துரும்பைக் கண்டுபிடித்துவிட்டார். மாமா எழுந்து கை கொடுத்தார்.

ஜூலை 28

மைசூர்ப் பக்கத்துக் கஞ்சிஃபாவைக் கேட்டவருக்கு: வட்டச் சீட்டு, கையால் வரைந்தது. தசாவதாரக் கட்டில் 10 ஜாதி, ஜாதிக்கு 12, மொத்தம் 120. ராஜா, மந்திரி போக எண் சீட்டு 1 முதல் 10. ஐந்து ஜாதிகளில் 10 பெரியது. மற்ற ஐந்தில் தலைகீழ், 1 பெரியது. எனக்கு ஆடிப் பழக்கமில்லாததால் ஆட்ட நுணுக்கம் சொல்ல நான் தகுந்த ஆள் இல்லை.

ஆகஸ்ட் 9

அத்தைக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார முடியவில்லை. கட்டிலின் மேல் முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் பலகையை வைத்து ஆடுகிறோம்.

இன்று எட்டாம் சுற்றில் கேட்டேன், எதைப் பார்த்து ஆடுகிறீர்கள் என்று. நான் முத்து நிறைந்த குழியைப் பார்ப்பேன். அவர், "நெறஞ்ச குழி எங்கயும் போவாது. காலிக் குழிய பாரு புள்ள. அதுக்கு அடுத்ததுதான் போவும்" என்றார்.

இதைக் கேட்டு நெடுநேரம் யோசித்தேன். ஆடு புலியிலும் ஆட்டைப் பார்த்தால் போதாது, அதற்குப் பின்னால் உள்ள காலிப் புள்ளியைப் பார்க்க வேண்டும். தாயத்தில் இரண்டு காய்க்கு நடுவே உள்ள கட்டங்கள். 304-இல் இன்னும் விழாத சீட்டு. நான் தனித்தனியாக நான்கு பேரிடம், நான்கு ஆட்டமாகக் கற்றதெல்லாம் ஒரே பாடமாக இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10

பசுவுக்கும் இது பொருந்தும். 4 ஆன குழியைப் பார்த்துப் பயன் இல்லை, அது எடுத்தாயிற்று. 3 இருக்கும் குழியை எண்ணுங்கள். உங்கள் பக்கம் 3 இருக்கும் குழிகளைக் கடந்து போகிற மாதிரி அள்ளுங்கள். எதிராளி பக்கம் 3 இருந்தால், முடிந்தவரை அங்கே போகாத கையாகப் பாருங்கள். ஆட்டத்தின் பின்பாதியில் குழிகள் சிறுத்ததும் இதுதான் தீர்மானிக்கும்.

ஆகஸ்ட் 23

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவர் மகள் 7-ஆம் குழியில் தொடங்கி மூன்று நாளாக ஜெயிக்கிறாளாம். அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளைய இங்க கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

ஆகஸ்ட் 24

அவர் வீட்டில் குழிக்கு 5 முத்து என்று இன்று தெரிந்தது. அப்படியென்றால் நான் சொன்ன 7-ஆம் குழி அவர்களுக்குப் பொருந்தாது. அந்தப் பெண் ஜெயித்தது அவள் திறமையில்.

5 முத்துக்கு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மொத்தம் 70. இதிலும் முதல் ஆட்டத்தில் கிடைப்பது 7 தான், ஆனால் ஐந்து கை அள்ளிய பிறகு. 7-ஆம் குழியில் தொடங்கினால் நம்மிடம் 31, எதிராளியிடம் 32. 1-ஆம் குழியில் தொடங்கினால் நம்மிடம் 27 தான் மிஞ்சும். 3-ஆம் குழியோ 4-ஆம் குழியோ என்றால் நம்மிடம் 34, எதிராளியிடம் 29. இரண்டில் 3-ஐ எடுத்தால் எதிராளியின் இரண்டு கோடிக் குழியும் காலி. 4-ஐ எடுத்தால் அவருடைய முதல் இரண்டு குழி காலி. எது மேல் என்று நானும் அத்தையும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் 4 என்கிறேன், இரண்டு காலி சேர்ந்திருந்தால் அங்கே வந்து முடிகிற கைக்கு ஒன்றும் கிடைக்காது என்பதால். அவர் 3 என்கிறார், காரணம் சொல்ல மறுக்கிறார். நாளை ஞாயிறு, ஆடிப் பார்க்கிறோம்.